முதுகு முளைத்த பெச்கா

"கேக்குதா யோலா? கேளு, கேளு," என்று சொல்லி அண்ணி இவோனா போனை டிவி பக்கம் நீட்டினாள். முப்பது வருடமாகக் கேட்காத அந்தத் தகரச் சத்த இசை என் காதுக்குள் துள்ளி ஓடியது. "நாலாவது ஸ்டேஜ்ல நிக்கிறான் உங்கண்ணன். ஒரு லைஃப்கூடப் போகல. குணமாயிடுச்சுடீ, நான் சொல்றேன்ல." அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும் மருந்துக் கடைக் கல்லாவுக்குப் பின்னால், இருமல் மருந்துக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

மார்ச் மாதம் ராடெக்குக்கு மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் சீக்கிரமே திரும்பிவிட்டன. திரும்பாதது இடப்பக்கம். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவர் அடித்துச் சொன்னார். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மனசு மறந்துவிட்டதாம். தட்டில் வலது பாதியிலிருந்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பான். தட்டைத் திருப்பி வைத்தால், "இத மொதல்லயே குடுத்தா என்னவாம்?" என்று கோபித்துக்கொள்வான். எங்களைப் பயமுறுத்தியது அதுதான். அவனைப் பொறுத்தவரை எதுவுமே குறையவில்லை. எல்ப்லொங்க் நகரத்தில் இருபது வருடம் டிராம் ஓட்டியவன், ஆஸ்பத்திரி நடைபாதையில் இடது தோளைச் சுவரில் உரசிக்கொண்டே நடந்துவிட்டு, "யாருய்யா இவ்ளோ குறுகலா கட்டினது?" என்றான்.

கோடைக்குள் தேறினான். தட்டைத் தானே சுற்றிச் சுற்றித் தின்னக் கற்றுக்கொண்டான். அக்டோபரில் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினான். அதற்குப் பிறகு இவோனாவுக்கு மருத்துவர் தேவைப்படவில்லை. இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாளான நவம்பர் முதல் தேதி, கல்லறைத் தோட்டத்துக்கு நானே கார் ஓட்டுவேன் என்று ராடெக் அறிவித்தான். அப்பாவும் அம்மாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் கிடக்கிறார்கள். அன்றைக்கு நாட்டில் உயிரோடிருக்கிற எல்லோரும் சாலையில்தான் இருப்பார்கள். பரிசோதனை முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் ஓட்டலாம் என்று பெச்கா சொல்லிவிட்டான். இவோனா பெச்காவை நம்பினாள்.

பெச்கா என்றால் எங்கள் மொழியில் பீப்பாய். கேசட்டின் மேல் அச்சடித்திருந்த நிஜப் பெயர் யாருக்கும் படிக்க வராத எழுத்தில் இருந்தது. பீப்பாய்க்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு ஓடுகிற குட்டை மனிதனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அப்பா சந்தையில் ரஷ்யக்காரரிடம் பேரம் பேசி வாங்கிய திருட்டு கேசட் அது. நானும் ராடெக்கும் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, முழங்கையில் தடம் பதிய ஆடுவோம். அந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வராத நாட்களும் இருந்தன என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி பெச்காதான்.

கல்லறைக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் ரயிலில் போய் இறங்கினேன். ராடெக் சோபாவில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்திருந்தான். "வாடீ மருந்துக்காரி, அண்ணன் வெளையாட்டப் பாரு," என்றான். பார்த்தேன். பெச்கா குளத்தைத் தாண்டினான், உருண்டு வந்த பாறையைத் தாண்டினான், காகத்துக்குக் குனிந்தான். என் அண்ணனின் கட்டைவிரல் முன்போலவே இருந்தது. சந்தோஷத்தில் அவன் தோளைக் குத்தினேன். அடுத்த ஸ்டேஜையும் முடித்தான். அதன் பாதியிலேயே என் சந்தோஷம் சுருங்க ஆரம்பித்துவிட்டது.

காகம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. பாறையும் அங்கிருந்துதான். குழி, நெருப்பு, முள், எல்லாம் அங்கிருந்துதான். அந்த உலகத்தில் இடப்பக்கம் என்பது கடந்து போனது. திரையின் விளிம்பில் நழுவி விழுந்துவிடும், திரும்பிப் போக நினைத்தாலும் ஆட்டம் விடாது. இடப்பக்கமே இல்லாத ஒருவன் நன்றாக வாழ்வதற்கென்றே கட்டிவைத்த ஊர் அது.

"ராடெக், அந்த இன்னொண்ணு இருக்கா? பெச்காவுக்கு முதுகு மொளச்சுதே, அது."

"அந்தக் கருமமா? எதுக்குடீ?"

"சும்மா. திட்டி நாளாச்சு."

சிரித்துக்கொண்டே எடுத்தான். நாங்கள் பெரியவர்களான சமயத்தில் பெச்கா முப்பரிமாணத்துக்கு மாறினான். அதுவரை அவனைப் பக்கவாட்டில் மட்டும்தான் பார்த்திருந்தோம். திடீரென்று நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய புல்வெளியில் நின்றான். எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. இன்றைக்கும் பெச்கா ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் அதைத்தான் திட்டுவார்கள்.

புல்வெளியில் காற்றாலை நிற்கும். வெளியேறும் வாசல் அதற்கு இடப்பக்கம். ராடெக் வலப்பக்கம் திரும்பினான், வேலி வந்தது. மறுபடி வலப்பக்கம், மறுபடி வேலி. முழு வட்டம் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்தான். வாத்து ஒன்று இடப்பக்கமிருந்து நிதானமாக நடந்து வந்து, பெச்காவைக் கொத்திக் கொன்றது.

"எங்கேர்ந்துடீ வந்துச்சு அது?"

இன்னொரு தடவை. அதே வட்டம், அதே வாத்து. அது வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிறு பிள்ளைகூட ஒதுங்கியிருக்கும்.

"பாத்தியா, ஏமாத்து! வாசலே வெக்காம வித்திருக்கானுங்க. த்ரீ-டி த்ரீ-டின்னு சொல்லிக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டானுங்க."

"ஆமாடா," என்றேன். "கெடுத்துட்டானுங்க." உலகமே சொல்கிற வசனம்தானே. அதற்குள் என் அண்ணனின் நோய் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொண்டது என்று நினைத்தபோது எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

சமையலறையில் இவோனா முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன்.

"எதுக்கு? அவன் மூஞ்சியப் பாத்தேல்ல? எத்தன மாசத்துக்கப்புறம் மனுஷன் மாதிரி இருக்கான்."

"பழைய ஆட்டத்துல எடது பக்கத்துலேர்ந்து எதுவும் வராது இவோனா. ரோட்டுல வரும்."

அவள் கையைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள். "தெனம் தட்டத் திருப்பி வெச்சது நான். சட்டையோட எடது கையத் தேடி மாட்டிவிட்டது நான். நீ லீவு நாள்ல வந்து, கேக்கு தின்னுட்டு, எனக்கே பாடம் எடுக்குறியா?" பிறகு குரலை இறக்கினாள். "மறுபடி வேலைல சேர அடுத்த வாரம் டிராம் கம்பெனி டாக்டர்கிட்ட போறான். அதுக்குள்ள அவன ஒடச்சுடாத யோலா. கெஞ்சிக் கேக்குறேன்."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முட்டைக்கோஸ் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் ராடெக் கறுப்புக் கோட்டுப் போட்டு, தலையை நனைத்து வாரி, கண்ணாடி டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கதவோரம் சாமந்தித் தொட்டிகளும் கல்லறை விளக்குகளும் தயாராக இருந்தன. நான் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து, மேசைமேல், அவன் டம்ளருக்கு இடப்பக்கம், ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. வெள்ளை விரிப்பின்மேல் பளிச்சென்று கிடந்தது. கண்டுபிடிடா, கண்டுபிடித்து என்னை முட்டாளாக்கு என்று வேண்டிக்கொண்டேன். அப்படி நான் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

ராடெக் எழுந்து போய் ஆணியைப் பார்த்தான். கோட்டுப் பைகளைத் தட்டினான். மேசைக்குத் திரும்பி வந்து வலப்பக்கம் கிடந்த செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தான், சர்க்கரை டப்பாவை நகர்த்தினான், குனிந்து நாற்காலிக்கடியில் பார்த்தான்.

"யோலா, நீ எடுத்தியா? வெளையாடாதடீ. நேரமாச்சுன்னா அங்க வண்டி நிறுத்த எடம் இருக்காது."

இவோனா ஒரு காதில் மட்டும் தோடு மாட்டியபடி அறையிலிருந்து வந்தாள். "மேசைமேல..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ராடெக் மறுபடியும் செய்தித்தாளைத் தூக்குவதைப் பார்த்தாள். அவள் முகத்தில் நிறமே இல்லை. மெதுவாக வந்து அவனுக்கு இடப்பக்கம், சட்டை உரசும் தூரத்தில் நின்றாள். அவன் திரும்பவில்லை. அவள் சாவியை எடுத்தாள். சாவிக்கொத்து கிணுகிணுத்தது.

ராடெக் நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது.

"ஆங், சத்தம் கேட்டுச்சு! அங்கதான் இருக்கு!" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கத்து ஜன்னலை நோக்கி வேகமாக நடந்து, பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.