இரண்டாவது மதிப்பாய்வாளர்

குழந்தைகள் வார்டு நர்ஸ் எழுதிய கடிதத்தை மருத்துவ ஆய்விதழின் ஆசிரியர் நான்காவது முறையாகப் படித்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், இரண்டு பக்கமும் நீல மை. கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. முதல் நாளே படித்துவிட்டு 'பிறகு பார்க்க' என்று எழுதியிருந்த தட்டில் போட்டது அவர்தான். அந்தத் தட்டுக்குப் போன எதையும் அவர் பிறகு பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஐயா, ஆறு வருடம் முன்பு உங்கள் இதழில் வந்த கட்டுரையில், எங்கள் வார்டில் நாற்பத்திரண்டு குழந்தைகளுக்குக் கிருமித் தொற்றுக்கான அந்த ஊசியைப் பத்து நாள் போட்டு, காது சோதனை செய்து, ஒருவருக்கும் பாதிப்பில்லை என்று போட்டிருக்கிறது. அந்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை மெஷினே கிடையாது. இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. பெட்டியைப் பிரித்தது நான்தான். புதிதாக வரும் டாக்டர்கள் உங்கள் கட்டுரையைக் காட்டித்தான் ஐந்து நாள் ஊசியைப் பத்து நாளாக்குகிறார்கள். இந்த வருடம் மூன்று குழந்தைகளுக்குக் காது போய்விட்டது. ஊசியால்தான் போனது என்று என்னால் சொல்ல முடியாது. மெஷின் இல்லை என்று சொல்ல முடியும்."

தெரிந்தது எது, தெரியாதது எது என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்து எழுதும் பேராசிரியர்களை அவர் பதினெட்டு வருடத்தில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடுவார்.

மருத்துவக் கல்லூரி நூலகத்தின் மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் ஆய்விதழின் அலுவலகம். இரண்டு நாற்காலிகள் இன்னும் மூலையில் கிடந்தன. வருடத்துக்கு நான்கு இதழ், இரண்டு மேசை, அவரும் உதவியாசிரியையும். அவள் கட்டுரையின் பழைய கோப்பைத் தேடி எடுத்து, தூசியை ஊதிவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"ஃபைல்ல முதல் ரிவியூவர் பேர் இருக்கு சார். ரெண்டாவது ஆள் பேர் மட்டும் காலியா இருக்கு."

"தெரியும்."

"எழுதி வெச்சுக்கட்டுமா?"

அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தன் மேசைக்குப் போய், ஏற்கனவே திருத்திய பக்கத்தை மறுபடி திருத்த ஆரம்பித்தாள்.

எந்தக் கட்டுரையையும் துறை தெரிந்த இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டுரைக்கு முதல் ஆள் மதிப்பாய்வை அனுப்பிவிட்டார். இரண்டாவதுக்கு ஐந்து பேரைக் கேட்டார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். ஒருவர் தனக்கு நேரமில்லை என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்தார். ஐந்தாமவர் செத்துப் போயிருந்தார். மகன்தான் பதில் எழுதினான், அப்பாவை நினைவு வைத்திருந்ததற்கு நன்றி என்று. இதழ் அச்சுக்குப் போகிற வாரம். நடுவில் ஒன்பது பக்கம் ஓட்டை. ஒரு மத்தியானம் ஆசிரியர் உட்கார்ந்து, இரண்டாவது மதிப்பாய்வாளராகத் தானே நான்கு வரி எழுதினார். கட்டுரை எழுதியவன் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவன்தான். ஆனால் அவனுக்காகச் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். ஒன்பது பக்க ஓட்டையை அடைக்கத்தான் செய்தார்.

அந்த நான்கு வரியும் இப்போது கோப்பில் இருந்தன. 'ஆய்வு முறை தெளிவாக உள்ளது. மூன்றாம் அட்டவணையின் தலைப்பைச் சுருக்கவும்.' மூன்றாம் அட்டவணைதான் காது சோதனை. எந்த மெஷின், யார் சோதித்தது என்பது மாணவன்கூடக் கேட்கிற கேள்வி. அவர் தலைப்பு நீளமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

கட்டுரை எழுதிய நண்பனுக்கு போன் போட்டார். நண்பன் இப்போது வேறொரு கல்லூரியில் டீன்.

"ஒரு நர்ஸ் எழுதினதுக்கா இவ்ளோ பதட்டம்? ஆறு வருஷம் ஆச்சுடா."

"மெஷின் இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு."

அங்கே யாரோ கோப்பு புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்துல போய் நின்னு கை தட்டிப் பாத்தோம். எல்லாப் புள்ளைங்களும் திரும்புச்சுங்க. அதுக்கு மேல அன்னிக்கு என்னடா வசதி இருந்துச்சு?"

"பேப்பர்ல நம்பர் போட்டிருக்கே. டெசிபல் கணக்கெல்லாம்."

"எல்லாரும் போடுறதுதான். சரி விடு, நானே வாபஸ் வாங்கிக்கிறேன். மூலத் தரவு தண்ணி ஒழுகி அழிஞ்சு போச்சுன்னு லெட்டர் தரேன், நீ போட்டுடு. பேப்பரும் போயிடும், பேரும் தப்பிக்கும்."

"யார் பேரு?"

"ரெண்டு பேர் பேரும்தான். ரெண்டாவது ரிவியூவர் யாருன்னு எனக்குத் தெரியாதாடா? தலைப்பச் சுருக்கு, தலைப்பச் சுருக்குன்னு காலேஜ்லயே உயிர எடுத்தவன் ஒருத்தன்தான்." சிரித்தான். மிரட்டலாகச் சிரிக்கவில்லை. பழைய சிரிப்பாகவே இருந்தது.

வீட்டில் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஒரு கமா தப்பா போனாலே ரெண்டு நாள் தூங்க மாட்டீங்க. இப்ப என்ன, முற்றுப்புள்ளியா?"

சொன்னார். கட்டுரை, நர்ஸ், நான்கு வரி, எல்லாம். வருடா வருடம் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பதிப்பு நெறி பற்றி வகுப்பெடுக்கிறவர் அவர்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்குத்தான் உபதேசமா என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் குழாயை மூடினாள்.

"அந்த மூணு புள்ளைங்க அம்மாங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"ஏதாவது."

மூன்றாம் நாள் டீனின் கடிதம் வந்தது. நல்ல தாள், நல்ல நடை. தண்ணீர் ஒழுகியது, தரவு அழிந்தது, நேர்மையின் பொருட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். உதவியாசிரியை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதையே போட்டுட்டா வேலை சுலபம் சார். விசாரணை வேண்டாம், ஃபைல் யார் கைக்கும் போகாது." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஆனா டாக்டருங்க இதப் படிச்சா என்ன நெனப்பாங்க? தாள்தான் நனைஞ்சிருக்கு, மருந்துல ஒரு தப்பும் இல்லன்னுதான?"

"ம்."

"ஊசிய நிறுத்த மாட்டாங்க."

"மாட்டாங்க."

அவள் டீனின் கடிதத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அன்று மத்தியானம் ஆசிரியர் அறிவிப்பை எழுதினார். சுருக்கமாகத்தான் வந்தது. கட்டுரையில் சொன்ன செவிச் சோதனைகள் நடக்கவில்லை. அந்த ஆண்டு அந்த ஆஸ்பத்திரியில் அதற்கான கருவி இல்லை. இந்தக் கட்டுரையை நம்பி யாரும் ஊசியின் நாட்களைக் கூட்ட வேண்டாம். மூன்று வரியும் தட்டச்சாகி வந்தன. நான்காவதைப் பேனாவால் கீழே எழுதினார்: இக்கட்டுரையின் இரண்டாவது மதிப்பாய்வு, விதிக்கு மாறாக, இதழின் ஆசிரியரால் எழுதப்பட்டது. எழுதியதும் கை தானாகப் பேனாவை மூடிவிட்டது. பக்கத்தை அவளிடம் கொடுக்கவில்லை. நான்காவது வரி இல்லாமலும் அறிவிப்பு உண்மைதான். அந்த மூன்று வரியே ஊசியை நிறுத்திவிடும். நான்காவது வரி எந்தக் குழந்தைக்கு என்ன கொடுக்கப் போகிறது? அவருக்கு இந்த அறையும் மேசையும் போகும், அவ்வளவுதான். இப்படி யோசித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பதினோரு நாள் அந்தத் தட்டில் போய் நின்றது.

கடிதத்தின் அடியில் இருந்த வார்டு எண்ணுக்கு போன் போட்டார். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள்.

"ஜர்னல் ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. நீங்க ஒரு லெட்டர் போட்டிருந்தீங்க."

"பதில் வராதுன்னு நெனச்சேன் சார்." குரல் எதிர்பார்த்ததைவிட வயதானதாக இருந்தது. கோபம் இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. இல்லை.

"அறிவிப்பு எழுதியிருக்கோம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

"மெஷின் இல்லன்னு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கோம்."

"முழுசா படிங்க சார். ஒரு நிமிஷம் இருங்க, கைல புள்ள இருக்கு, படுக்க வெச்சுட்டு வரேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வார்டு முழுக்க அவர் காதுக்குள் வந்தது. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. ஏதோ மூடி கீழே விழுந்து உருண்டது. ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. இதற்கெல்லாம் அப்பால், ஜன்னல் பக்கமாக இருக்கலாம், சின்ன வயசுப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். "கண்ணா. இங்க பாரு. அம்மாவப் பாரு." கொஞ்சம் இடைவெளி. "கண்ணா." பிறகு ஒரு கைதட்டல். இன்னும் பக்கத்தில் போயிருக்க வேண்டும், அடுத்த தட்டல் பலமாகக் கேட்டது. அதற்கடுத்தது இன்னும் பலமாக. ஆசிரியர் ஒரு கையில் தாளும் இன்னொரு கையில் ரிசீவருமாக நின்றார். அங்கே அந்த அம்மா விட்டு விட்டுக் கை தட்டிக்கொண்டே இருந்தாள்.