நாற்பத்தொரு பதிவுகள்

"உனக்கு முதலாளியே இல்லையேம்மா, அப்போ தப்பு பண்ணா உன்னை யாரு திட்டுவாங்க?" என்று மகள் ஆறு வயதில் ஒருமுறை கேட்டாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற அம்மா, "உங்கப்பாதான்" என்றாள். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, அந்தத் தைரியம் தனக்கில்லை என்றார்.

ஒரு பல் மருத்துவர் அந்த அம்மாவை இணையத்தில்தான் கண்டுபிடித்தார். 'சிறிய வேலையோ பெரிய வேலையோ, செய்து தரப்படும்' என்று அவள் போட்டிருந்த வரி அவருக்குப் பிடித்திருந்தது. நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும், சின்ன வேலைதான் என்றார். அவருக்கு எல்லாமே சின்ன வேலைதான்.

இரண்டு நாள் அவருடைய மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். பதினோரு வருடமாக அங்கே இருந்த வரவேற்பாளர் அக்கா, மெத்தை வைத்த தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"பல்வலிக்காரங்க பேரை முழுசா சொல்ல மாட்டாங்க, தங்கச்சி. வாயைத் திறந்தா வலிக்கும்ல. முதல் எழுத்தைப் போட்டாலே பேர் வர்ற மாதிரி பண்ணு" என்றாள்.

அப்படியே செய்தாள். எல்லாம் முடிந்த கடைசி நாளில், பட்டியல் தன் கைப்பேசியிலும் தெரிய வேண்டும் என்றார் டாக்டர். சின்ன வேலைதானே. அரை நாளில் அதையும் சேர்த்தாள். ஆனால் கணினியும் கைப்பேசியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டர் அழைத்தார். குறித்த நேரத்துக்கு ஆள் வருகிறது, பட்டியலில் பேர் இல்லை. மென்பொருளில் தப்பா, கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் தப்பா என்று கேட்டார். மறுநாள் அவர் இணையத்தில் அவளைப் பற்றி மதிப்புரை எழுதுவதாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒரு பெரிய மருத்துவமனை தன் வேலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அவள் அதைச் சொல்லவில்லை.

"நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு டாக்டர். அக்கா சேமிக்காம மூடியிருப்பாங்க."

ஐந்து நட்சத்திரம் வந்தது. பெரிய வேலையும் வந்தது.

அந்தப் பெரிய வேலைக்காகப் பழைய நிரலையே எடுத்து, நான்கு மாதம் கழித்து ஒரு காலைப் பொழுதில் இரண்டு திரைகளில் திறந்து பார்த்தாள். ஒன்றில் பதிந்தது அவள் கண்ணெதிரே காணாமல் போயிற்று. டாக்டர் கைப்பேசியில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தால் போதும், அந்தப் பழைய பட்டியல் வந்து அக்கா புதிதாகப் பதிந்ததை அழித்துவிடும். அடித்தது அத்தனையும், மென்பொருள் தானாக எழுதிவைக்கும் குறிப்புக் கோப்பில் மட்டும் தங்கியிருக்கும். பல் மருத்துவமனையின் கோப்பைத் திறந்து, அக்கா பதிந்து அழிந்துபோனவற்றை எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் அக்கா சரியாகச் சேமித்திருந்தாள்.

பிழையைத் திருத்தி முடித்ததும் டாக்டரை அழைத்து உண்மையைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. இப்போது சரியாகிவிட்டதல்லவா, அது போதும் என்றார். அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

"அவங்க அப்பவே போயிட்டாங்களே. நான் போகச் சொல்லல. 'எனக்கு ஞாபகம் தப்புது டாக்டர், பதிஞ்சேன்னு தோணுது, பார்த்தா இல்லை'ன்னு அழுதுட்டு அவங்களே நின்னுட்டாங்க. பாவம்."

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றாள்.

"முடிஞ்ச கதையை எதுக்குமா கிளறுறீங்க? வேற ஆள் வந்தாச்சு. உங்க பேர்தான் கெடும்" என்றார். ஆனாலும், அவள் விடாமல் கேட்டதால், முகவரியைக் கொடுத்தார்.

அன்று மாலை அவளால் வழக்கமான பிரார்த்தனையில் மனம் ஒட்டி உட்கார முடியவில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். தன் மனத்தையே நம்பாமல் போனவள் எதைக் கொண்டு தேடுவாள்?

நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு, நாற்பத்தொரு பதிவுகளையும் நாள், மணி, நிமிடத்தோடு மூன்று தாள்களில் அச்சிட்டாள். கூடவே கையால் ஒரு கடிதம் எழுதினாள். 'அக்கா, இவை எல்லாவற்றையும் நீங்கள் சரியாகவே பதிந்திருக்கிறீர்கள். உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. தப்பு நான் எழுதியதில் இருந்தது. பார்க்காமலே அதை உங்கள் மேல் போட்டேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் போட்டாள். இதை ஒருவர் படமெடுத்து இணையத்தில் போட்டால் அவள் தொழில் என்னவாகும் என்று தெரிந்துதான் போட்டாள்.

மறுநாள் மதியம் மூன்றாம் மாடியில் அக்கா வீட்டின் அழைப்பு மணியை இரண்டு முறை அழுத்தினாள். யாரும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகவே வெட்கமாகவும் இருந்தது.

உறை தடிமனாக இருந்ததால் கதவுக்கடியில் நுழையவில்லை. உறையைப் பிரித்து, முதலில் கடிதத்தைத் தள்ளினாள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக. கடைசித் தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மண்டியிட்டு, அதையும் விரல் நுனியால் உள்ளே தள்ளிவிட்டாள்.