மின்னலுக்குச் சொந்தக்காரி

பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, தனக்கு வழிகாட்டியாக வாய்த்த குருசாமி தன்னைப்போலவே தேனி மாவட்டத்து ஆள், மயிலாடும்பாறைக்காரர் என்று தெரிந்ததில் அனிதா மேரிக்கு அத்தனை சந்தோஷம். நம்ம பக்கத்து ஆள் என்று நம்பினாள்.

தொலைதூர விண்மீன் மண்டலங்களில் எக்ஸ்ரே சில நொடி மின்னி அணையும். எதனால் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அண்டத்தின் விளிம்பில் புறப்படும் காமா கதிர்தான், வருகிற தூரத்தில் இளைத்து எக்ஸ்ரே ஆகிறது என்று அனிதா கணக்குப் போட்டுக் காட்டினாள். 2002இல் கட்டுரை வெளிவந்தபோது குருசாமி பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, கூட்டிக் கழித்தவர்கள் பெயரையெல்லாம் போட முடியாது என்றார்.

படிப்பை விட்டுவிட்டு காமயகவுண்டன்பட்டிக்கே வந்துவிட்டாள். கம்பத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தாள். திராட்சைத் தோட்டத்திலிருந்து வரும் அப்பா அருளப்பனிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. குருசாமியை விழத்தட்ட ஒரே வழி, அந்தக் கோட்பாட்டை உடைப்பது. அது தன்னுடையதே என்பது அவளைத் தடுக்கவில்லை.

வெளிநாட்டுத் தோழி ஒருத்தி, ஒரு மின்னல் வந்த மண்டலத்தின் ஒளியைப் பிரித்தெடுத்த நிறமாலையை வரைபடமாக அனுப்பினாள். அந்த மண்டலம் விளிம்பில் இல்லை. எவ்வளவோ கிட்டத்தில் இருந்தது. பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த தடயமும் அங்கே தெரிந்தது. அனிதா அதைக் கட்டுரையாக்கினாள். பத்திரிகை ஏற்றுக்கொண்டது. குருசாமியிடம் மூச்சு விடவில்லை. இன்னும் நாலு மேடை ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

2004இல் தேனியில் அந்தக் கோட்பாட்டுக்காக அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. கேள்வி நேரத்தில் அனிதா எழுந்துபோய் அந்த நிறமாலை வரைபடத்தைத் திரையில் போட்டு விளக்கினாள். குருசாமி மைக்கைப் பிடித்துச் சிரித்தார்.

"அந்தக் கணக்கெல்லாம் இந்தப் பொண்ணு போட்டதுதான். நான் நம்பிட்டேன்."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"ஆமா சார், என்னுதுதான். தப்பாப் போட்டதும் நான், தப்புன்னு கண்டுபிடிச்சதும் நான். அப்ப மாலையை எதுக்கு நீங்க போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீக?"

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே கார் ஏறினார்.

திரும்பும் பஸ்ஸில், விழாவுக்குக் கூட வந்திருந்த அருளப்பன் கேட்டார்: "அவுகட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, ஆத்தா?"

"சொல்லியிருக்கலாம்ப்பா."

சின்னமனூர் வருவதற்குள் அவள் நன்றாகத் தூங்கிப்போனாள்.