இல்லை சாரும் புனிதப் பெட்டியும்

“பல்லுன்னு போடுங்க, எலும்புன்னு போடுங்க, ஒரு பிடி சாம்பல்னு போடுங்க! எதையாவது போட்டு மூடுங்க அண்ணி. வெறும் பெட்டி அது!”

“வெறும் பெட்டியா? உங்க அண்ணன் ஆறு வருஷமா அந்தப் பெட்டிக்குள்ளதான்டா குடியிருந்தாரு!”

“இப்பவும் எங்கயோ குடியிருக்காரு. ஆனா இங்க இல்ல. அதை முதல்ல ஒத்துக்குங்க.”

அப்புறம் ஏதோ உடைந்தது. மைப்புட்டி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டேன். நான் சுவரில் காதை வைத்துக் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கட்டிடத்துச் சுவர் அப்படி. பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் ‘நூறு’ என்போம். இருந்தாலும், ஒரு வீட்டில் பொருள் உடைகிற அளவுக்குச் சண்டை நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனுஷத்தன்மையா? காலிச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். மூவருமாகச் சேர்ந்து மங்கா போடுகிறவர்கள். அதாவது ஜப்பான் பாணிப் படக்கதை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அது தெரியாமல் நான் முதல் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, செத்தவன் எழுந்து உட்கார்ந்து சண்டைக்குப் போகிறானே, என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டிருந்தேன். கதை ஒரு துறவியம்மாவைப் பற்றியது. அவள் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஓடுகிறாள். உள்ளே ஒரு மகா புனிதையின் உடம்பில் ஒரு துண்டு இருக்கிறதாம். அதைத் தொட்டால் நோய் தீரும், தோற்றவன் ஜெயிப்பான். ராஜாவின் ஆட்கள், தலைமைக் குருவின் ஆட்கள், திருடர்கள் எல்லோரும் அதற்காகத் துரத்துகிறார்கள். ஆறு வருஷமாக ஓட்டம்; பெட்டியை மட்டும் யாரும் திறந்தபாடில்லை.

படம் வரைகிறவள் மனைவி. விரல் நுனியில் மை போகவே போகாததால் எங்கள் படிக்கட்டில் அவள் பெயர் மைக்கை. கட்டிடம், கோட்டை, படிக்கட்டு எல்லாம் போடுகிறவன் கொழுந்தன். கையில் எப்போதும் ஸ்கேல் இருக்கும், அதனால் அவன் பெயர் அளவுகோல். கதை சொல்கிறவர் புருஷன். ‘சொல்கிறவர்’ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்த மனுஷன் ஒரு வரி எழுத மாட்டார், வாயால் விளக்கவும் மாட்டார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். அவள் பென்சிலால் போட்டுக் காட்டுவாள். “இல்ல” என்பார். அழிப்பாள், மாற்றுவாள். “இல்ல.” மறுபடியும் மாற்றுவாள். பேசாமல் இருந்தாரென்றால் சரி என்று அர்த்தம். உடனே மை போட்டுவிடுவாள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் பேசாமல்தான் இருந்தாராம். இந்தச் சுவர் வழியாக எனக்கு நாள் முழுக்கக் கேட்டது அந்த ஒரு சொல்தான். அதனால் அவரை ‘இல்லை சார்’ என்போம்.

அந்த இல்லை சாரைத்தான் போன மழைக்காலத்தில் வாதம் அடித்துப் போட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து சன்னல் அறையில், சுவரோடு ஒட்டிய கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

இங்கேதான் அந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. மைக்கை பக்கத்தைப் போட்டு எடுத்துப் போய்க் காட்டினாள். பேசாமல் இருந்தார். ஆகா, சம்மதம்! மை போட்டாள். அடுத்த பக்கம், அதற்கும் சம்மதம். “அக்கா, முன்னெல்லாம் ஒரு பக்கத்துக்குப் பத்து தடவை அழிப்பேன். இப்ப காட்டினதுமே ஒத்துக்கறாரு, உடம்பு தேறுது போல” என்று மாடிப்படியில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவருக்குத்தான் பேச்சே போயிற்றே என்று நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அளவுகோல்தான் போட்டு உடைத்தான். துறவியம்மா பெட்டியோடு சைக்கிளில் போகிற மாதிரி ஒரு பக்கம் வரைந்து, அவள் காட்டுகிற இடத்திலேயே நின்று அண்ணனிடம் நீட்டினான். கதையோ வாளும் குதிரையுமாக இருக்கிற காலத்துக் கதை. பேசாமல் இருந்தார்.

“பாருங்க அண்ணி. சைக்கிளுக்கும் சம்மதம்தான்.”

அதன் பிறகு மைக்கை சிரிக்கவில்லை. பல்லை வரைந்து காட்டினாள், விரல் எலும்பை, சாம்பலை, காலிப் பெட்டியைக் காட்டினாள். எதற்கும் ஒரு முனகல் இல்லை. “ஒரு தடவை இல்லன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை” என்று அவள் கெஞ்சியது சுவர் வழியாக வந்தபோது நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். நானே!

டாக்டர் அவருக்கு எதுவும் புரியாது என்று கையை விரித்துவிட்டார். அவளுக்கோ அவரைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போயிற்று. “நீங்களும் படுத்துட்டா ரெண்டு பேரை யாரு தூக்கறது? நானா?” என்று கொழுந்தன் கேட்டதில் தப்பில்லை. பராமரிப்பு இல்லம் ஒன்றில் கட்டில் காலியாக இருந்தது. கடைசியில் அவளே ஒரு கெடு வைத்தாள்: கடைசி அத்தியாயம் போடுவதற்குள் பெட்டிக்குள் என்ன என்று அவர் ஒரு சைகை காட்டிவிட்டால் அவர் வீட்டில் இருப்பார், இல்லையென்றால் அவளே அனுப்பி வைப்பாள்.

நான் சர்க்கரைக் கிண்ணத்தோடு நுழைந்தது அந்தக் கடைசி அத்தியாயத்து மத்தியானம். மறுநாள் காலை இல்லத்து வண்டி வருகிறது. கூடத்தில் அவர் துணிமணி பெட்டியில் அடுக்கியிருந்தது. தரையெல்லாம் மை. அளவுகோல் கந்தல் துணியோடு மண்டி போட்டிருந்தான்.

“சர்க்கரையா அக்கா?” என்றாள் மைக்கை. கண் வீங்கியிருந்தது. “அப்புறம் தரேன். கொஞ்சம் நில்லுங்க எனக்கு.”

நிற்பது என்றால் துறவியம்மாவாக நிற்பது. ஆறு வருஷமாக அந்தப் புனிதப் பிறவிக்கு உடம்பு கொடுத்தது நான்தான். போர்வையைத் தலையோடு போர்த்தி, பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவாள். என் வாய்க்கும் அந்த வேஷத்துக்கும் என்ன பொருத்தம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார்.

“அவர் ரூம்லயே போடலாம். நாளைக்கு இந்நேரம் அந்த ரூம்ல யாரு இருக்கப் போறா.”

எப்போதும் போல ஸ்டூலைக் கட்டிலின் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். இடப்பக்கம்தான் சுவராயிற்றே. என் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று கால்மாட்டில், சுவரோரமாக, சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழையச் சொன்னாள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தேன். இல்லை சார் தலையணையில் முகத்தை அந்தச் சன்னல் பக்கமாகச் சாய்த்துக் கிடந்தார்.

“டப்பாவை இடது கையில பிடிங்க அக்கா. வலது கையால மூடியைத் திறங்க. மெதுவா. ஆறு வருஷத்துப் பெட்டி.”

“உள்ள என்ன போடப் போறே?”

“தெரியல. எலும்புன்னு போடறேன். எல்லாக் கதையிலயும் எலும்புதானே.”

போர்வையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தேன்.

“இல்ல.”

கட்டிலிலிருந்துதான். டப்பா என் கையிலிருந்து விழுந்தது. உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மைக்கை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பென்சில் தாளில் குத்தி நின்றது. வாசற்படியில் கந்தல் துணியோடு அளவுகோல்.

“வெறும் முனகல் அண்ணி. வீணா ஆசை வெச்சுக்காதீங்க” என்றான்.

“அக்கா, அதேமாதிரி நில்லுங்க! எதையும் மாத்தாதீங்க!”

“டப்பா கட்டிலுக்கடியில போயிடுச்சுடி...”

“டப்பா வேண்டாம். கையைப் போர்வைக்குள்ள போடுங்க.”

போட்டேன். ஒன்றுமில்லை. இடது கையை வெளியே நீட்டச் சொன்னாள், நீட்டினேன். ஒன்றுமில்லை. வலது கையை நீட்டச் சொன்னாள்.

“இல்ல.”

அந்தச் சொல்லுக்காக ஒருத்தி அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மறுபடி நீட்டச் சொன்னாள், மறுபடி, மறுபடி. என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன், வாய் ஒரு பக்கம் கோணிப்போய், நெற்றியைச் சுருக்கி, பழைய எரிச்சலோடு, “இல்ல.”

“வலது கை” என்றாள் அவள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. “ஆறு வருஷமா இவர் துறவியம்மாவோட வலது கையை அங்கியை விட்டு வெளிய போடவே விட்டதில்ல.”

எனக்கும் ஞாபகம் வந்தது. அதற்காக அவர்கள் போட்ட சண்டை எத்தனை! அவளுக்குக் கை வரைவதில்தான் பெருமை. “நான் கை போட்டா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?” என்று அவள் கத்துவாள், “இல்ல” என்பார் அவர். புருஷனுக்குப் பொறாமை என்று நானும் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். பொறாமையாவது மண்ணாவது. பெட்டியைத் திறக்காததும் கையைக் காட்டாததும் ஒரே ரகசியம்: அந்தக் கையில் ஒரு விரல் கிடையாது. விரல் பெட்டிக்குள் இருக்கிறது. துரத்துகிறவர்கள் தேடுகிற புனிதை எப்போதோ செத்துப் போனவள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறவளே அவள்தான்.

அளவுகோல் நான் நின்ற இடத்தையும் அவள் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். கட்டிலைப் பிடித்து, அண்ணனோடு சேர்த்து, சுவரிலிருந்து இழுத்தான். என் காலில் ஏற்றினான், அது வேறு விஷயம். கூடத்துக்குப் போய்ப் பழைய தாள்களைக் கிளறி எதையோ எடுத்து வந்து, அண்ணனின் இடப்பக்கமாக நின்று முகத்துக்கு நேரே பிடித்தான். சைக்கிள் பக்கம்.

இல்லை சார் பார்த்தார். முகம் சிவந்தது.

“இல்ல! இல்ல! இல்ல!”

அளவுகோல் அப்படியே தரையில் உட்கார்ந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “சரிண்ணா, கிழிச்சுடறேன், கிழிச்சுடறேன்” என்று சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். வாதம் வலது கை காலை மட்டும் கொண்டுபோகவில்லை, இரண்டு கண்ணிலும் வலப்பக்கத்துப் பார்வையைக் கொண்டுபோயிருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். அத்தனை மாசமும் அவள் ஆசையாசையாகப் பக்கங்களை நீட்டியது, அவருக்கு இல்லாத ஒரு திசையில்.

மைக்கை அன்றைக்கே அந்தக் கையை வரைந்தாள். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மூளி. இடப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசவில்லை.

“மை போடட்டுமா?”

பேசவில்லை. அவள் மை எடுக்கப் போனாள். பாதி மை தரையில்தான் இருந்தது.

மறுநாள் வண்டி வந்தது. உள்ளே ஒரு செவிலி. யாரையும் அனுப்புவதாக இல்லை என்று அளவுகோலே கீழே போய்ச் சொன்னான். அவள் சும்மா போகாமல் மூன்று மாடி ஏறி வந்து, ஆளைப் பார்த்துவிட்டு, இடுப்பு போகாமல் நோயாளியைப் புரட்டுவது எப்படி என்று அவனுக்குச் செய்து காட்டிவிட்டுப் போனாள்.

கடைசி அத்தியாயம் அச்சாகி வந்தது. துறவியம்மா கையை நீட்டுகிறாள். துரத்தி வந்தவர்கள் வாளோடு நிற்கிறார்கள். எலும்பைக் கும்பிடத் தெரிந்தவர்களுக்கு, உயிரோடு எதிரில் நிற்கிறவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவ்வளவுதான் முடிவு. நிறையப் பேர் திட்டியும் எழுதினார்கள். அற்புதம் ஏதும் நடந்துவிடவில்லை. இல்லை சார் எழுந்து நடக்கவில்லை, வேறொரு சொல் பேசவுமில்லை. கஞ்சிக்கும் “இல்ல”, குளியலுக்கும் “இல்ல”. அவள் சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். குழாய்ச் சத்தத்தைத் தாண்டியும் எனக்குக் கேட்கும்.

அந்தச் செவிலி, புரட்டுவது சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு தடவை வந்தாள், அப்புறம் இன்னொரு தடவை வந்தாள். புரட்டுவதில் அப்படி என்ன பாடம் பாக்கி என்று நான் அப்போதே கேட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுகோல் அவளைக் கூட்டி வந்து, அண்ணனுக்கு இடப்பக்கமாக, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நிறுத்தினான்.

“அண்ணா, இவளைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்.”

இல்லை சார் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் பேசவில்லை.

அடுத்த மாசம் கல்யாணம். அதன் பிறகு மூன்று மாடி ஏறுவது முடியாது என்று நாலு பேரும் நகரத்தின் அந்தக் கோடியில் தரைத்தளத்து வீடாகப் பார்த்துக் குடிபோய்விட்டார்கள். இந்த வீட்டுக்கு ஒரு கணக்கு வாத்தியார் குடும்பம் வந்திருக்கிறது. நல்ல மனிதர்கள்தான், ஒரு சத்தம் கிடையாது.