செம்பூருக்கு ஒரு வேகம்

வெயிலுமுத்துவின் நடனக் குழுவை விட்டு நஜிமுதீன் விலகிய அன்றே, அவன் தனியாக நிற்க மாட்டான் என்ற தீர்ப்பு தாராவியில் எழுதப்பட்டுவிட்டது. குழுவில் நால்வர் தலையை ஊன்றிச் சுழன்றாட, இவன் மேடையோரத்தில் வாயால் தாளம் கொட்டுவான்; இடையில் நான்கு வரிகளை அடுக்கிச் சொல்வான். கைதட்டல் ஆட்டத்துக்கே போய்ச் சேரும். கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த ஹிப் ஹாப் கேசட்டைக் கேட்ட பிறகுதான், ஆட்டமே இல்லாமல் சொல் ஒன்றே முன்னின்று ஆட வல்லது என்பது அவனுக்கு விளங்கிற்று.

"போலே, போ. மூணு மாசத்துல 'அண்ணாச்சி, சேத்துக்கிடுங்க'ன்னு வந்து நிப்பெ. அன்னைக்கு ஒனக்கு எங்க பைய தூக்குற வேலதான்" என்றான் வெயிலுமுத்து.

நஜிமுதீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். தானே ஒரு கேசட் போடுவது; அதன் இருபுறமும் நிறைய எட்டுப் பாட்டு. எட்டிலும் தன் குரல் ஒன்றே. அதுதான் மறுமொழி என்று மனத்துள் முடிந்து வைத்துக்கொண்டான்.

அவனுடைய மூத்த சகோதரி ராபியா தோல்பை தைக்கும் கார்கானா ஒன்றை நடத்திவந்தாள். அவன் அங்கே தோல் வெட்டுகிறவன். ஒலிப்பதிவுக்கு அவள் இசைந்தாள். ஆனால் ஒரு கட்டளையோடு.

"பாடிக்கோ. ஆனா ஒருத்தனும் கொட்டாப்புளிய கீழ வைக்கப்படாது. சேட்டு சரக்கு வெள்ளிக்கெழம போயாவணும்."

அக்கட்டளையே வரமாயிற்று. தோலின்மேல் நால்வர் இறக்கிய கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல்களின் முறையான ஓசை, தையல் எந்திரங்களின் இழைவு, பட்டைத்தோல் வெட்டுப்படும் சீற்றம் இவையெல்லாம் கூடித் தாளம் அமைந்தது. கேசட் படியெடுக்கும் கடை வைத்திருந்த பிச்சையா தன் பதிவுப்பெட்டியைத் தூக்கி வந்து தோற்கட்டின்மேல் வைத்தார். நண்பகலில், சந்து முழுவதும் மோட்டார்கள் முழங்கிக்கொண்டிருந்த வேளையில், தலைக்குமேல் விளக்கு செங்காவியாய் மங்கி எரிய, நஜிமுதீன் தொடங்கினான்:

தோலறுத்து நூலெடுத்து வாரடித்துப் பூட்டமைத்து
வேலைகற்ற கைகளுக்கு வேறு சாட்சி வேண்டுமா?
நாடுவிட்டு நாடுபோகும் நாங்கள் தைத்த பையடா!

குறிலும் நெடிலும் தத்தம் அளவு பிசகாமல், வல்லெழுத்து வரும் இடமெல்லாம் சுத்தியல் விழ, சந்தம் தானே தன்னை நடத்திச் சென்றது. இலக்கணம் பயின்றவனல்லன் அவன். எனினும், பள்ளிவாசல் முற்றத்தில் சிறு வயது முதல் நபிபுகழ்ப் பாடல்களைக் கூட்டத்தோடு ஓதிப் பழகிய நாவுக்கு அளவு தெரிந்திருந்தது. பதிவு நான்கு நாளில் முடிந்தது. பிச்சையா பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து முந்நூறு படிகள் எடுத்தார். தாராவியில் கேட்டவர்கள் நல்லதென்றார்கள், தலையசைத்தார்கள், அவ்வளவே.

பத்தாம் நாள் பிச்சையா மூச்சிரைக்கக் கார்கானாவுக்குள் வந்தார். "எலே நஜிமு, சட்டய மாட்டு. செம்பூருக்கு வா. கேள்வி கேக்காத."

செம்பூர் நிலையத்துக்கு வெளியே ஒரு முடிதிருத்தகத்தின் வாசலில் கல்லூரி மாணவர் கூட்டம். உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு குரல் கொட்டும் மழைபோல் பொழிந்துகொண்டிருந்தது. சொற்கள் ஒன்றன் குதிகாலை ஒன்று மிதித்து ஓடின. ஆயினும் ஒன்றும் இடறவில்லை. "அரே, க்யா ஸ்பீட் ஹை யார்!" என்று ஒருவன் அந்த வேகத்தை வியந்து கூவினான். "மூச்சே விடல பாருடா!" என்றான் இன்னொருவன்.

நஜிமுதீன் கூட்டத்தை விலக்கி வாசற்படி ஏறினான். வரிகள் அவனுடையவை. வேகம் அவனுடையதன்று.

"யாரு அண்ணாச்சி இது?"

"நீதாம்லே. எல்லாம் கரண்டு பண்ணுன வேல. பகல்ல நம்ம சந்துல அத்தன மோட்டாரும் ஓடுதுல்லா? கரண்டு சோந்துபோயி பொட்டி மெதுவாச் சுத்திருக்கு. பதிஞ்சதும் அப்பிடி, படி எடுத்ததும் அப்பிடி. நம்ம தாராவியில போட்டா அதே மெதுவுல ஓடி, சரியாக் கேக்குது. இங்க கரண்டு முழுசு. பொட்டி முழு வேகத்துல சுத்துது; ஓங் கொரலு பறக்குது." பிச்சையா தலையைச் சொறிந்தார். "இங்க கடைகளுக்கு அனுப்புன இருநூறும் தீந்துபோச்சு. இன்னும் கேக்காவ."

அந்த வாரமே மாட்டுங்காவிலிருந்து சங்கரன் என்ற வங்கி அதிகாரி கார்கானாவைத் தேடி வந்தார். செம்பூரில் கூடும் தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயலாளர். செய்தி கேள்விப்பட்டு வெயிலுமுத்துவும் வாசலில் வந்து நின்றுகொண்டான்.

"பொங்கல் விழாவுல நீங்க சொல்லணும்" என்றார் சங்கரன். "எங்காத்துல கொழந்தைகள்லாம் இதையேதான் போட்டுண்டிருக்கா. இதே வேகத்துல மேடையில சொல்வேளா?"

நஜிமுதீன் ராபியாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சார், அந்த வேகம் என்னோடது இல்ல. கரண்டு கொறஞ்சு பதிவானதால வந்தது."

வெயிலுமுத்து வாய்விட்டுச் சிரித்தான். "நான் அப்பமே சொன்னம்லா! மிஷினு பாடுச்சு, இவன் பேரு வாங்குனான்!"

சங்கரனின் முகம் சற்றே தொங்கிற்று. "பரவாயில்லை. உங்க வேகத்துலயே சொல்லுங்கோ. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

வெயிலுமுத்துவின் சிரிப்பைப் பொறுத்தவனுக்கு அந்த இரக்கம் பொறுக்கவில்லை. "இல்ல சார். எதக் கேட்டுட்டுக் கூப்பிட்டீங்களோ, அதத்தான் சொல்லணும். இருவது நாள் இருக்குல்ல? அந்த வேகத்துலயே சொல்றேன். ஆனா நடந்தத மேடையில நீங்க மறைக்காமச் சொல்லிரணும்."

தாராவியிலும் மின்சாரம் முழுமையாய் ஓடும் வேளை ஒன்று உண்டு. விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்து, கார்கானாக்கள் கண் விழிக்காத அந்த ஒரு நாழிகை. தொழுகைத் தொப்பியைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்து, தன் கேசட்டையே ஆசானாக வைத்து அவன் பயின்றான். முதல் வாரம் முழுதும் தோல்வி. மூன்றாம் பாட்டில் வல்லினம் அடுக்கி வரும் இடத்தில் நா ஒவ்வொரு முறையும் சுருண்டது.

"நாக்கு எதுக்குடா இருக்கு? பிரியாணி திங்க மட்டுமா?" என்று ராபியா ஏசினாள். ஏசிக்கொண்டே கொட்டாப்புளியைக் கையில் எடுத்து, பலகையில் தாளம் போடத் தொடங்கினாள்.

"லாத்தா, வரி முடிஞ்சு மூச்சு எடுக்குறதுக்குள்ள கேசட்டு அடுத்த வரிக்குப் போயிருது" என்றான் அக்காவிடம்.

"வரி முடிவுல எதுக்கு எடுக்க? நான் அடிக்கும்போது எடு. இந்தச் சத்தத்துல எவனுக்குக் கேக்கப்போவுது?"

அவன் அவளையே பார்த்தான். அடி விழும் நொடியில் ஒரு துளி மூச்சு. அடுத்த அடியில் இன்னொரு துளி. ஒரே மிடறாய்க் குடிக்காமல் சிறுகச் சிறுகப் பருகினான். பதினோராம் நாள் மூன்றாம் பாட்டைக் கடந்தான். பதினெட்டாம் நாள் எட்டையும் கடந்தான்.

விழா மாலை ஐந்து மணிக்கு. கார்கானாத் தொழிலாளர் நால்வர் பலகையும் கொட்டாப்புளியுமாய் மேடையில் அமர்ந்தனர். சங்கரன் வாக்குத் தவறாமல் நடந்ததைச் சொன்னார். அவை முணுமுணுத்தது. "அப்ப கேசட்டையும் கூடப் போடுங்க, பாத்துருவோம்!" என்று ஒரு குரல் எழுந்தது. சிரிப்பு பரவிற்று. நஜிமுதீன் பிச்சையாவுக்குத் தலையசைத்தான். அவன் நாவைச் சுருட்டிய மூன்றாம் பாட்டிலிருந்தே பெட்டி சுழலத் தொடங்கியது.

முதல் வரியில் கேசட் அரையடி முந்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சுத்தியல் விழுந்தது, மூச்சு உள்ளே போயிற்று. இரண்டாம் வரியில் இரு குரலும் தோளோடு தோள் சேர்ந்தன. வல்லினக் காடு வந்தது. நா அதற்குள் புகுந்து, முள் தைக்காமல் வெளியேறியது. எழுத்தெழுத்தாய், அடியடியாய், எந்திரத்தின் மெல்லிய குரலும் மனிதனின் கனத்த குரலும் ஒன்றையொன்று தொடுத்துச் சென்று, கடைசிச் சொல்லில் ஒரே இடத்தில் வந்து நின்றன.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சங்கரன் நாற்காலியிலிருந்து எழுந்ததை மறந்து நின்றவாறே தட்டினார். ராபியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணிடம், "என் தம்பி" என்றாள், யாரும் கேளாமலே.

"இன்னொண்ணு! இன்னொண்ணு!"

பிச்சையா அடுத்த பாட்டுக்குப் பொத்தானை அழுத்தினார். இரு குரலும் மீண்டும் கிளம்பிய அந்நேரம், பின்வரிசையிலிருந்து ஒருவன் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான். வெயிலுமுத்துதான்.

"ஓய் பிச்சையா அண்ணாச்சி! அந்த மிஷின அமத்தும்வே! எங்க பயலக் கேக்க விடும்!"

பெட்டி நின்றது. நஜிமுதீன் அடுத்த அடியோடு மூச்சை உள்ளிழுத்து, இம்முறை இன்னும் சற்று விரைவாகத் தொடங்கினான்.