சுமித்திரா எதற்காகப் பிறந்தாள்

1

இந்தக் கதை ஒரு பிரசங்கத்தின் நடுவே கிடைத்தது. நான் சைவக்காரன். மனைவி பிரியந்தினிக்குத் துணையாக ஞாயிறுகளில் ஜெயபுரத்துச் சிறிய சபையின் கடைசி வரிசையில் இருப்பேன். பாதி கேட்பேன், பாதி ஏதாவது கதை யோசிப்பேன்.

அன்று போதகர் விஜிதரன் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மனுசன் எதுக்குப் படைக்கப்பட்டவன்? தேவனை மகிமைப்படுத்த. வேறை ஒண்டுக்கும் இல்லை."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"பாஸ்ரர், என்ரை பிள்ளை ஒரு இரவுதான் இருந்தவள். கண்கூட முழிக்கேல்லை. அவள் எப்பிடி மகிமைப்படுத்தினவள்?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

2

அவள் சாரங்கா. சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துத் தங்கிய பிள்ளை, வவுனியா ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்து, விடியுமுன் போய்விட்டது. கணவன் தயாபரன் அடக்கம் செய்துவிட்டு வந்தான். பெயர் வைக்கவில்லை.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "வன்னியின் வறண்ட வானத்தின் கீழ் ஒரு தாயின் கண்ணீர்…" அடித்துவிட்டேன். அன்று நல்ல மழை. சாரங்கா அழவும் இல்லை.)

3

விஜிதரன்தான் எனக்குச் சிக்கல். கதைகளில் வரும் போதகர் ஒன்றில் கல்நெஞ்சர், இல்லையென்றால் ஞானி. அவருக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஆறுதல் வசனம்கூட எழுதிவைத்திருந்தேன். ஆனால் அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, தனியப் போகப் பயமாக்கிடக்கு, நீங்களும் வாங்கோ" என்று பிரியந்தினியைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

சாரங்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தங்கச்சி, நானும் யோசிச்சுப் பாத்தனான். உமக்குச் சொல்ல மறுமொழி இல்லை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நம்புறன். இப்பவும் நம்புறன். விளங்கப்படுத்தத்தான் தெரியேல்லை."

"பிள்ளைக்குப் பேர்கூட இல்லை, பாஸ்ரர். கர்த்தர் அவளை என்னெண்டு கூப்பிடுவார்?"

விஜிதரன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்போது, வாசலில் நின்ற தயாபரன் முதல்தடவையாக வாய் திறந்தான்.

"பேர் இருக்கு. அடக்கம் செய்யேக்கை நான் மனசுக்குள்ளை வைச்சனான். சுமித்திரா."

சாரங்காவின் கை நின்றது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ தாங்கமாட்டாய் எண்டு நினைச்சன்."

"சுமித்திரா" என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். தயாபரன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். நாங்கள் மூவரும் முற்றத்துக்கு வந்துவிட்டோம்.

(குழந்தைக்கு 'மகிமை' என்று பெயரிட என் பேனா துடித்தது. கதைக்கு எவ்வளவு வசதி! ஆனால் பெற்ற தகப்பன் வைத்த பெயரை மாற்ற நான் யார்?)

4

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். விஜிதரன் பிரசங்கம் செய்யவில்லை.

"போன கிழமை எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைச்சுப்போட்டன். மன்னியுங்கோ. சுமித்திரா எண்டு ஒரு பிள்ளை எங்களிட்டை வந்தவள். நாங்கள் பாக்கேல்லை. தேவன் பாத்தவர். எல்லாரும் எழும்பி அவளின்ரை பேரைச் சொல்லுவம்."

சபை முழுக்கச் சொன்னது. நானும் சொன்னேன்.

[இந்த இடத்தில், மகிமை என்பது நாம் கடவுளுக்குக் கொடுப்பதல்ல, அவர் நம்மைப் பார்க்கிற பார்வைதான் என்று ஒரு பத்தி எழுதினேன். அழகாகவே இருந்தது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதை வாசித்துக் காட்ட எனக்கு… இல்லை, முடியாது.]

5

பிறகு பாட்டு. எடுத்துக் கொடுக்கச் சாரங்கா எழும்பவில்லை; சபை காத்திருந்தது.

அவள் கணீரென்று பாடினாள் என்று முடித்தால் பிரியந்தினிக்குப் பிடிக்கும். எழுந்து போனவள் திரும்பவேயில்லை என்றால் என் இலக்கிய நண்பர்கள் தலையாட்டுவார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான்தான் தெரிந்தேன்.

நான் கண்டது இவ்வளவுதான்: தயாபரன் தொண்டையைச் செருமி, சுருதி பிசகித் தொடங்கினான். சாரங்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. மின்விசிறிச் சத்தத்தில் கடைசி வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை.

அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் இருங்கள். அவள் பாடுகிறாளா, அவனுக்குச் சுருதி சொல்லிக் கொடுக்கிறாளா, இல்லை, கடவுளோடு இன்னும் வாதாடுகிறாளா என்று கேளுங்கள். கேட்டதை எனக்குச் சொல்ல வேண்டாம்.