கதவடியில் வெயில்

சட்டைக் கம்பெனியில் மத்தியான லுஹர் தொழுகைக்குச் சூப்பர்வைசர் கொடுப்பது ஏழு நிமிடம். கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் நிற்பதிலேயே மூன்று போய்விடும். மிச்ச நாலில், காலர் தைக்கும் அண்ணிக்கும் பட்டன் வைக்கும் நாத்தனாருக்கும் மக்கா இருக்கும் மேற்குக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று வழக்கு.

போன மாதம்வரை இரண்டாம் மாடியில் வேலை. அங்கே ஜன்னல் இருந்தது. இப்போது எல்லாரையும் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். பகலிலும் ட்யூப்லைட்தான். முதல் நாள், மேலே தொழுத பழக்கத்தில் அண்ணி தன் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றாள், நாத்தனாரும் நின்றாள். மெஷின் வரிசையையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது இருபத்தாறு நாள் கழித்துத்தான் உறைத்தது.

"அல்லாவே! இத்தனை நாளும் எந்தத் திக்கைப் பார்த்துத் தொழுதோம்?"

"தெரியாம செஞ்சா குத்தமில்லன்னு அண்ணன் சொல்றாரே, அண்ணி."

"நேத்துவரைக்கும் தெரியாது. இனிமே என்ன சொல்லித் தப்பிக்கிறது?"

செல்போனில் திசை பார்க்கலாமென்றால், அதைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் தீப்பெட்டியைக் கட்டடமாகவும் கரண்டியைப் படிக்கட்டாகவும் வைத்துப் பார்த்தார்கள். படி இரண்டு தடவை திரும்புகிறதா, மூன்றா என்பதிலேயே சாப்பாடு ஆறிப்போனது. மறுநாள் ஆளுக்கொரு திசையில் தொழுதார்கள். அண்ணிக்குத் தொழுகையில் மனசு ஒட்டவில்லை. எத்தனை ரக்அத் முடிந்தது என்பதும் மறந்துபோனது.

கேட்டே விடுவது என்று சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், ஒரு நிமிஷம் மேல போய் வெயில் எந்தப் பக்கம்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"வெயில் பார்க்கவாம்மா சம்பளம்? உனக்குக் கதவைத் திறந்தா நூத்தி நாப்பது பேருக்கும் திறக்கணும். போ, காலரைப் பாரு."

அன்று மாலை அஸர் தொழுகை நேரத்துக்குள் கடைசிச் சுவரோரம் அடுக்கியிருந்த துணிப் பேல் மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். பேல்களுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு இருந்தது. மேலே சிவப்பில் 'அவசர வழி' என்று எழுதியிருந்தது. கதவடியில், விரல் அகலத்துக்கு, மஞ்சளாகச் சாயங்கால வெயில்.

"அண்ணி! மேற்கு!" நாத்தனார் கூவியேவிட்டாள். "இதான் கிப்லா!"

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. வெளியே சங்கிலி கலகலத்தது.

"அது திறக்கிற கதவு இல்லம்மா," என்றார் சூப்பர்வைசர். "சரக்கு களவு போகுதுன்னு பூட்டினது."

"நெருப்புகிருப்பு பிடிச்சா, சார்?" என்றாள் நாத்தனார்.

"வாயைக் கழுவு!"

இருவரும் கதவைப் பார்த்துத் துணி விரித்தார்கள். தரையில் தலை வைக்கச் சஜ்தாவில் குனிந்தபோது அண்ணியின் நெற்றியில் சில்லென்று காற்று பட்டது. மழை பெய்த மண்ணின் வாசம். அவளுக்கு எழுந்திருக்க மனமில்லை.

"அவ்வளவு நேரம் என்ன துவா கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல," என்றாள் அண்ணி. "மூச்சு விட்டேன்."

மறுநாள் புதுச் சரக்கு வந்திறங்கியது. கதவும் எழுத்தும் வெயிலும் பேல்களுக்குப் பின்னால் போயின. லுஹருக்கு இருவரும் பேல்களின் முன்னால் போய் நின்றார்கள். திசையில் இப்போது சந்தேகமே இல்லை. அவர்களுக்குப் பின்னால் மற்ற நூற்று முப்பத்தெட்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.